தீவில் காற்றை அளப்பது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் சிறு தீவுகளின் டீசல் மின்சாரத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. டீசலுக்குப் பதில் காற்றாலை வைக்கலாமே என்கிற அர்த்தத்தில், பாதிக் கடிதங்கள் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றுதான் தொடங்குகின்றன. பழமொழி சரிதான். ஆனால் 26 வருடம் நான் பார்த்த வேலை தூற்றுவதற்கு முந்தியது. காற்று இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, எந்த மாதம் ஏமாற்றும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. கம்பம் நட்டு, கருவி கட்டி, ஒரு வருடம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். என் முழங்கால் இரண்டும் அந்தக் கம்பங்களில் ஏறித் தேய்ந்தவை. அந்த உரிமையில் இந்தத் தடவை எல்லாப் பதிலும் வெப்பமண்டலச் சிறு தீவுகளைப் பற்றியே.

கேள்வி: இணையத்தில் உலகக் காற்று வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தத் தீவைத் தொட்டாலும் வேகத்தைச் சொல்கிறது. அப்புறம் எதற்கு ஐயா கம்பமும் ஒரு வருடக் காத்திருப்பும்?

வரைபடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து கொடுத்தது அது. 250 மீட்டருக்கு ஒரு புள்ளி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். பத்துத் தீவுகளில் எந்த மூன்றைப் போய்ப் பார்க்கலாம் என்று தீர்மானிக்க அது போதும். அந்த மூன்றில் எதில் பணத்தைப் போடலாம் என்று தீர்மானிக்கத்தான் போதாது.

ஏனென்றால், அந்த 250 மீட்டர் நுணுக்கத்துக்கு அடியில் கிடப்பது மிகப் பெரிய கட்டங்களைக் கொண்ட வானிலைக் கணக்கு. ஈரா5 என்று ஒரு தரவுத் தொகுப்பு இருக்கிறது. ஐரோப்பிய வானிலை மையம் 1940 முதல் உலகம் முழுவதற்கும் மணிக்கு மணி கணக்கிட்டு வைத்திருக்கிறது. அருமையான சொத்து, சந்தேகமே இல்லை. ஆனால் அதன் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். நான் கம்பம் நட்ட தீவுகளில் பல 4 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். அந்தக் கட்டத்துக்குள் தீவு என்று ஒன்று இருப்பதே கணினிக்குத் தெரியாது. எல்லாம் கடல். கடலில் உராய்வு குறைவு, அதனால் வேகம் கூடுதலாகத் தெரியும். தென்னந்தோப்பும் வீடுகளும் குன்றும் பின்னால் சேர்க்கப்படும் திருத்தங்கள்தான்.

மலைத்தீவு என்றால் கதை தலைகீழ். பெரிய கட்டத்தில் மலையின் உயரம் சராசரியாகி, உச்சி மழுங்கிப் போகிறது. நிஜத்தில் அந்த உச்சிதான் காற்றைப் பிளக்கிறது. ஒரு பக்கம் வேகத்தைக் கூட்டும், மறு பக்கம் பல கிலோமீட்டர் தூரத்துக்குச் செத்த காற்றாக்கும்.

'ஒரு 10 சதவீதம் முன்பின் இருந்தால் என்ன?' என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படியாக மாறும். வேகத்தை 10 சதவீதம் கூட்டிச் சொன்னால் ஆற்றல் 33 சதவீதம் கூடிவிடும். அந்த மூன்றில் ஒரு பங்கு காகிதத்தில் மட்டும் இருக்கும் மின்சாரம். ஃபிஜியின் விட்டி லெவு தீவில், புட்டோனி என்ற இடத்தில், 2007இல் காற்றில் சுழன்று மின்சாரம் தரும் டர்பைன்கள் 37 நிறுத்தினார்கள். மொத்தம் 10 மெகாவாட். எதிர்பார்த்த அளவு மின்சாரம் அங்கே கிடைக்கவே இல்லை. என் தொழிலில் இருப்பவர்கள் அந்த மலைச்சரிவின் படத்தைப் பார்த்தால் கொஞ்சம் மௌனமாகிவிடுவார்கள்.

கேள்வி: ஒரு தீவின் விமான நிலையத்தில் 20 வருடக் காற்றுப் பதிவு இருக்கிறது. சராசரி நொடிக்கு 3.8 மீட்டர்தான். அந்தத் தீவைக் கைவிட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அந்தக் கருவி எதற்காக வைக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். விமானம் இறங்குவதற்காகவும் வானிலை அறிக்கைக்காகவும் வைத்தது. தரையிலிருந்து 10 மீட்டரில் இருக்கும். டர்பைனின் அச்சோ 50 மீட்டரிலோ அதற்கு மேலோ சுழலும்.

திறந்த சமவெளியில் 10 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு ஏறினால் வேகம் சுமார் கால் பங்கு கூடும். 3.8 என்பது 4.8 ஆகும். ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுற்றிலும் தோப்பு இருந்தால் வேகம் இன்னும் செங்குத்தாகக் கூடும், ஒன்றரை மடங்கு வரைகூடப் போகலாம். கடலோரத்தில், அலைக்கு மேலே நேராக வரும் காற்றில், கூடுதல் கால் பங்கைவிடக் குறைவு. ஆக, அதே 3.8ஐ வைத்துக்கொண்டு மூன்று பேர் மூன்று பதில் சொல்லலாம், மூன்றும் கணிதப்படி சரியாகவே இருக்கும். அதனால்தான் கம்பத்தில் இரண்டு, மூன்று உயரங்களில் கருவி கட்டச் சொல்கிறோம். உயர உயர எவ்வளவு கூடுகிறது என்பதை ஊகிக்காமல் அந்த இடத்திலேயே அளந்துவிடலாம்.

இன்னொன்று. ஒரு தீவில் இப்படி ஒரு பதிவேட்டை நான் உட்கார்ந்து படித்தேன். முதல் ஐந்து வருடம் நல்ல காற்று. அப்புறம் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. பருவநிலை மாற்றம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பத் தயாராகத்தான் இருந்தேன். பதினாறாவது வருடம் ஒரே மாதத்தில் காற்று பழையபடி எழுந்துவிட்டது! போய் விசாரித்தால், அந்த மாதம்தான் கருவியை மாற்றியிருக்கிறார்கள். கிண்ணங்கள் சுழல்வதை வைத்து வேகத்தை அளக்கும் பழைய கிண்ணக் காற்றுமானியின் பேரிங்கில் உப்பேறி, மெல்லிய காற்றில் அது அசையக்கூட இல்லை. அலுவலகத்தின் கிழக்கே யாரோ நட்ட மரங்களும் அதே பதினைந்து வருடத்தில் வளர்ந்து கூரைக்கு மேலே போயிருந்தன.

அதற்காக அந்தப் பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேகத்தில் பொய் சொன்னாலும், எந்த மாதம் ஓங்கும், எந்த மாதம் தூங்கும் என்பதை ஓரளவு உண்மையாகவே சொல்லும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. இரண்டு தீவுகளிலும் சராசரி வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்றால் கிடைக்கும் ஆற்றலும் ஒன்றுதானே?

இல்லை அம்மா. நல்ல கேள்வி, பெரிய பொறியாளர்களும் சறுக்குகிற இடம்.

ஒரு தீவில் வருடம் முழுக்க 6 மீட்டர் வேகத்தில் ஒரே சீராக வீசுகிறது என்று வையுங்கள். 6இன் முப்படி 216. இன்னொரு தீவில் பாதி நாள் 12 மீட்டர், பாதி நாள் சுத்தமாகக் காற்றே இல்லை. சராசரி அதே 6. ஆனால் 12இன் முப்படி 1,728, அதில் பாதி 864. நான்கு மடங்கு! சராசரியின் முப்படி வேறு, முப்படிகளின் சராசரி வேறு.

நிஜத் தீவுகள் இந்த இரண்டு ஓரத்துக்கும் நடுவில் இருக்கும். வேகங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை வெய்புல் பரவல் என்ற சூத்திரத்தால் வரைவோம். அதில் வடிவ எண் என்று ஒன்று வரும். சாதாரண நிலப்பகுதிகளில் அது 2க்குப் பக்கத்தில் இருக்கும். வெப்பமண்டலக் கடல்களில் ஏறத்தாழ ஒரே திசையில் வரும் வியாபாரக் காற்று நிற்காமல் வீசும் தீவுகளில் 3, சில இடங்களில் 4கூட. எண் கூடக் கூடக் காற்று சீரானது என்று பொருள். முப்படிகளின் சராசரியைப் பெற, வடிவ எண் 2 என்றால் சராசரியின் முப்படியை 1.91ஆல் பெருக்க வேண்டும். 3 என்றால் 1.4. 4 என்றால் 1.23தான். வேறு ஊரின் வடிவ எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து வியாபாரக் காற்றுத் தீவுக்குப் போட்டால், இல்லாத ஆற்றலைக் கணக்கில் கொண்டுவந்துவிடுவோம்.

கூடவே காற்றின் அடர்த்தி. டர்பைன் விளம்பரத் தாள்களில் கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று இருக்கும், அது 15 டிகிரி வெப்பத்துக்கு உரியது. 30 டிகிரி வெயிலில் கடல் மட்டத்தில் அது 1.16 ஆகிவிடும். அங்கே ஒரு 5 சதவீதம் போச்சு.

இப்போது நீங்கள் 'அப்படியானால் விட்டுவிட்டு வீசும் தீவுதான் நல்லதா?' என்று கேட்கப் போகிறீர்கள். ஆற்றல் அங்கே அதிகம். ஆனால் காற்றில்லாத பாதி நாளில் விளக்கு எரிய வேண்டுமே? என்னைக் கேட்டால் சீரான 6 மீட்டரைத்தான் எடுப்பேன்.

கேள்வி: கைபேசிச் செயலி காட்டும் காற்று வேகத்தைக் குறித்து வைத்தால் போதாதா சார்?

போதாது. செயலி காற்றை அளப்பதில்லை. மேலே சொன்னதைப் போன்ற பெரிய கட்டங்களின் கணிப்பை அழகான படமாகக் காட்டுகிறது.

கேள்வி: தீவில் பல வருடம் வாழ்ந்தவர்கள் மரத்தைக் காட்டி 'இங்கே காற்று அதிகம்' என்கிறார்கள். விஞ்ஞானத்தில் அதற்கு மதிப்பு உண்டா?

உண்டு. நான் ஒரு தீவில் இறங்கியதும் முதலில் பார்ப்பது மரங்களைத்தான். வருடம் முழுக்க ஒரே பக்கத்திலிருந்து பலத்த காற்று அடித்தால் அந்தப் பக்கத்துத் தளிரெல்லாம் உப்பில் கருகிவிடும், கிளை மறுபக்கம் மட்டும் வளரும். கரீபியக் கடலில் அரூபா தீவின் திவி-திவி மரங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், எல்லாம் தென்மேற்கைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்ல அங்கே கருவியே வேண்டாம். அந்தத் தீவின் காற்று மோதும் கரையில், வேடர் பியட் என்ற இடத்தில், 2009 முதல் 10 டர்பைன்கள், 30 மெகாவாட், ஓடுகின்றன. மரம் சொன்னது பொய்யில்லை.

ஆனால் சாயாத மரத்தை வைத்துக் காற்றில்லை என்று சொல்லக் கூடாது. அரை வருடம் ஒரு திசையிலும் அரை வருடம் எதிர்த் திசையிலும் பருவக்காற்று வீசும் தீவில் மரம் நேராகத்தான் நிற்கும். சில மர இனங்கள் எதற்கும் வளையாது. தென்னை காற்றுக்கு மட்டுமா, வெளிச்சத்துக்கும்தான் சாய்கிறது. கடற்கரைத் தென்னையை நம்பி ஒரு முறை நான் தலைகீழாகத் திசை எழுதியிருக்கிறேன்.

மரத்தைவிட நான் நம்புவது பாய்மரம் கட்டிக் கடலில் போனவர்களை. 'காற்று பலமா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அது பயனில்லை. 'எந்த மாதம் படகை எந்தக் கரையில் கட்டுவீர்கள்? எந்த வாரத்தில் பாயை விரித்தும் நகராமல் நின்றிருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். நம் மொழியிலேயே வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். காற்றை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அதன் திசையும் மாதமும் மனப்பாடம். வேகம் எத்தனை மீட்டர் என்பதற்குத்தான் கருவி வேண்டும்.

கேள்வி: கம்பத்தைத் தீவில் எந்த இடத்தில் நட வேண்டும்? குன்றின் உச்சியிலா, கடற்கரையிலா, செங்குத்துப் பாறை விளிம்பிலா?

டர்பைன் எங்கே வரப்போகிறதோ அங்கே. கேட்கச் சின்ன விஷயம். நடப்பது என்னவென்றால், கம்பத்தை ஜீப் போகிற இடத்தில் நட்டுவிட்டு, டர்பைனை மலையுச்சியில் வைக்கிறார்கள்.

பாறை விளிம்பு ஆசை காட்டும். நின்று பார்த்தால் சட்டை கிழிந்துவிடும்போல் அடிக்கும். செங்குத்துப் பாறையில் மோதிய காற்று மேலே எழும்பி, விளிம்பைத் தாண்டியதும் தரையை விட்டுப் பிரிந்துவிடும். அதற்கு அடியில் ஒரு சுழல் உருண்டுகொண்டே இருக்கும். அந்தச் சுழலுக்குள் டர்பைனின் கீழ் இறக்கை போய்ப் போய் வந்தால் பல்சக்கரப் பெட்டி சீக்கிரம் பழுதாகும். ஒரு தீவில் விளிம்பிலிருந்து சில அடி உள்ளே ஒரு குச்சியில் நாடாவைக் கட்டிவிட்டுப் பார்த்தேன். நாடா கடலை நோக்கிப் பறந்தது! தலைக்கு மேலே காற்று கடலிலிருந்து வருகிறது, கால் பக்கம் கடலுக்குப் போகிறது. காற்றுக்குக் குறுக்கே நீண்ட, வழுவழுப்பான, சாய்வு குறைந்த மேடுதான் உத்தமம். காற்று அதன்மேல் ஒட்டிக்கொண்டே ஏறி வேகம் பிடிக்கும்.

தட்டையான பவளத்தீவில் இந்தத் தலைவலி இல்லை, மரத் தலைவலி உண்டு. ஒரு தடையின் பின்னால் அதன் உயரத்தைப்போல் 20 மடங்கு தூரம் வரை காற்று கலங்கியிருக்கும். 15 மீட்டர்த் தென்னை என்றால் 300 மீட்டர். ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத் தீவில் 300 மீட்டர் தள்ளிப் போக எங்கே இடம்? காற்று மோதும் கரையோரமாகப் போக வேண்டும், இல்லையென்றால் தோப்புக்கு மேலே நன்றாக உயரமாகப் போக வேண்டும். கம்பத்தின் உயரம் டர்பைன் அச்சின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கட்டும்.

கட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. கம்பமே காற்றை மறைக்கும் என்பதால் கருவியை நீண்ட கையில் தள்ளிக் கட்டுவோம். உருளைக் கம்பம் என்றால் முதன்மைக் காற்றுத் திசைக்கு 45 டிகிரியில் அந்தக் கை இருக்க வேண்டும். பின்னல் கோபுரம் என்றால் 90 டிகிரி. உச்சியில் ஒன்றுக்கு இரண்டு காற்றுமானி வையுங்கள், ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். கம்பத்தின் இழுகம்பிகள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். கடற்பறவைகளுக்கு அந்தக் கையைப்போல் வசதியான இருக்கை தீவில் வேறு கிடையாது. எச்சம் விழுந்து இறுகிய கிண்ணங்களை நான் சுரண்டிய நாட்களுக்குக் கணக்கில்லை.

லேசர் கதிரை மேலே அனுப்பி 200 மீட்டர் வரை அளக்கும் லிடார் கருவி இப்போது வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். நல்ல கருவி. தட்டையான தீவில் வைக்கலாம். கரடுமுரடான மலையில் அதன் கணக்குப் பிசகும். அதற்கும் மின்சாரம் வேண்டும், கெட்டால் சரிசெய்ய ஆள் கப்பலில் வர வேண்டும்.

கேள்வி: ஒரே ஒரு வருடம் அளந்தால் போதுமா? அது காற்று குறைந்த வருடமாக இருந்துவிட்டால்?

ஒரு வருடம் என்பது குறைந்தபட்சம். பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி என்று பதிவானால் வருடத்துக்கு 52,560 வரிகள். எல்லாப் பருவமும் அதில் ஒரு முறை வந்துவிடும். ஆறு மாதம் அளந்து இரண்டால் பெருக்குகிறவர்களைக் கண்டால் ஓடிவிடுங்கள். செஷல்ஸில் மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று ஓங்கி வீசும், மற்ற மாதங்கள் மந்தம். எந்த ஆறு மாதத்தை எடுக்கிறீர்கள் என்பதில் தீவின் தலையெழுத்தே மாறும்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரு வருடத்துக்கும் இன்னொரு வருடத்துக்கும் சராசரி 5, 6 சதவீதம் மாறுவது சகஜம். பசிபிக்கில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் வியாபாரக் காற்றே தளர்ந்துவிடும். அங்கேதான் முதல் பதிலில் நான் குறை சொன்ன ஈரா5 உதவிக்கு வருகிறது. உங்கள் ஒரு வருட அளவையும் அதே வருடத்தின் ஈரா5 கணக்கையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். உறவு நன்றாக இருந்தால் அந்த உறவை வைத்துப் பின்னோக்கி 20, 30 வருடத்துக்குப் போகலாம். நீங்கள் அளந்தது கொழுத்த வருடமா, மெலிந்த வருடமா என்று தெரிந்துவிடும். அதன் வேகம் தப்பாக இருக்கலாம், ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சரியாக இருக்கும். தனியாக விட்டால் வழிதவறும், ஒரு கம்பத்தோடு கட்டிப்போட்டால் ஒழுங்காக உழும் மாடு.

கேள்வி: புயல் வந்தால் எல்லாம் போய்விடுமே?

எல்லாம் போவதில்லை. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது 13 டர்பைன்கள் கொண்ட புன்டா லிமா காற்றாலையில் பல இறக்கைகள் சிதறின. அதே தீவின் தென்கரையில் சாந்தா இசபெல் காற்றாலை பெரிய சேதமில்லாமல் தப்பியது. புயல் எந்த வழியாகப் போனது, எந்த வகை டர்பைன், மின்சாரம் நின்றபோது அதன் முகம் எந்தப் பக்கம் திரும்பி இருந்தது என்று பல காரணங்கள் சேர்கின்றன.

மதிப்பீட்டுக்காரன் வேலை இங்கே வேறொரு எண்ணைத் தருவது: 50 வருடத்துக்கு ஒரு முறை வரக்கூடிய உச்ச வேகம். சர்வதேசத் தரநிலையில் டர்பைன்களின் மிக வலுவான சாதாரண வகுப்பு நொடிக்கு 50 மீட்டரைத் தாங்கும். வெப்பமண்டலப் புயலுக்கென்று 57 மீட்டர் வகுப்பு ஒன்றை 2019இல் சேர்த்தார்கள். குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகளில் வேறு தந்திரம்: அடியில் கீல் வைத்த சிறிய டர்பைன்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் கம்பியால் இறக்கித் தரையில் படுக்க வைத்துவிடுவார்கள். பெரிய டர்பைனை இப்படிப் படுக்கப்போட முடியாது, ஆகவே அங்கே அளவு சிறியதாகத்தான் இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரிக்குள் இருக்கும் தீவுகளுக்குப் புயல் அபூர்வம். ஆனால் அங்கே பெரும்பாலும் காற்றும் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எப்படி?

கேள்வி: காற்று நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அப்புறம் எத்தனை டர்பைன் வேண்டுமானாலும் வைக்கலாம்தானே?

அதிகாலை 3 மணிக்குத் தீவில் எத்தனை கிலோவாட் தேவை என்று முதலில் சொல்லுங்கள். காற்று அந்த நேரத்திலும் வீசும், தீவு தூங்கிக்கொண்டிருக்கும். டீசல் ஜெனரேட்டரைச் சுத்தமாக நிறுத்தவும் முடியாது. அதன் திறனில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் எஞ்சினுக்குள் கரி கட்டும். மிச்சம் இருக்கும் இடைவெளிதான் காற்றுக்கு. அட்லாண்டிக் கடலின் தீவு நாடான கேப் வெர்டேயில் நான்கு தீவுகளில் 25.5 மெகாவாட் நிறுவினார்கள். உலகத்தரமான காற்று. ஆனாலும் தேவை குறைந்த நேரங்களில் டர்பைன்களை அடக்கி ஓட்ட வேண்டியிருந்தது. எனவே காற்றுப் பதிவோடு மின்தேவைப் பதிவையும் மணிக்கு மணி வாங்கி ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பார்க்காமல் நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டதில்லை. பேட்டரி சேர்த்தால் கணக்கு மாறும், அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்வோம்.

எக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள சான் கிறிஸ்டோபல் தீவையும் சொல்லிவிடுகிறேன். 2007இல் அங்கே 3 டர்பைன்கள், மொத்தம் 2.4 மெகாவாட். முதலில் யோசித்த உயரமான பகுதியில் அழிவின் விளிம்பில் இருக்கும் கலாபகோஸ் பெட்ரல் கடற்பறவை கூடு கட்டுகிறது. அதனால் எல் ட்ரோபெசோன் என்ற வேறு குன்றுக்கு மாற்றினார்கள். மாற்றிய பிறகும் முதல் எட்டு வருடங்களில் தீவின் மின்சாரத்தில் சுமார் 30 சதவீதத்தை அவை கொடுத்தன. பறவையைப் பார்ப்பதும் காற்றை மதிப்பிடும் வேலையில் சேர்த்திதான்.

கேள்வி: உங்கள் கணக்கு எப்போதாவது தப்பியிருக்கிறதா? மனம்விட்டுச் சொல்லுங்கள் சார்.

தப்பாமல் என்ன. கடற்கரைத் தென்னையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இது அதைவிடப் பெரியது.

ஒரு தீவில் 40 மீட்டர்க் கம்பம். எல்லாம் முறைப்படி. ஒன்பது மாதத் தரவை வைத்து, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று என்று காட்டும் பூப்போன்ற வரைபடத்தைப் போட்டு, நாங்கள் தங்கியிருந்த அறையின் சுவரில் ஒட்டியிருந்தேன். எங்களைப் படகில் கொண்டுவந்து விடுகிற பெரியவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். படத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமிருந்து காற்று வந்தால் நான் உங்களை அந்தத் துறையில் இறக்கவே முடியாதே தம்பி" என்றார்.

அவர் போன பிறகு கம்பத்தடிக்குப் போனேன். காற்றுத் திசைகாட்டியின் வடக்குக் குறியை நான்தான் வைத்தேன், காந்த ஊசியைக் கையில் பிடித்துப் பார்த்து. எங்கே நின்று பார்த்தேன்? எஃகுக் கம்பத்தை ஒட்டி. ஊசி வடக்கைக் காட்டவில்லை, கம்பத்தைப் பார்த்து இழுபட்டிருக்கிறது. 50 அடி தள்ளிப்போய் நின்று திரும்பப் பார்த்தால் 25 டிகிரி வித்தியாசம்.

வேகப் பதிவுக்குக் கேடில்லை, திசையை 25 டிகிரி திருப்பிக்கொண்டால் போதும். ஆனால் டர்பைன் வரிசையை நான் வரைந்து முடித்திருந்தேன். அந்தத் தப்பான திசையில் அது கச்சிதமான வரிசை. சரியான திசையில் முதல் டர்பைனுக்குப் பின்னால் தளர்ந்து கலங்கி வரும் நிழல்காற்று நேராக இரண்டாவதன்மேல் விழுந்தது, இரண்டாவதன் காற்று மூன்றாவதன்மேல். அறிக்கை அனுப்ப ஆறு நாள் பாக்கி. புது வரிசை வரைந்து, கணக்கையெல்லாம் முதலிலிருந்து ஓட்டி, ஆறாவது நாள் இரவு முடித்தேன். மறுநாள் காலை தபாலைக் கொண்டுபோனவர் அதே பெரியவர்தான். சுவரில் மாற்றி ஒட்டியிருந்த படத்தைப் போகும்போது ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.